125-ஆ, 160-ஆ? ஒரு இடுப்பு வலிக்காரரின் கேள்வி

வணக்கம். இந்த வாரம் சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். வழக்கமாக ஐந்தாறு எடுப்பேன், உங்களுக்கே தெரியும். ஆனால் இது வந்த நாளிலிருந்து காலில் தைத்த முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏன் உறுத்துகிறது என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன்.

"சார், வயது 44, உயரம் ஐந்தடி பத்து. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இரண்டு வருடமாக இடுப்பு வலி. இப்போது ஓட்டுவது ஒரு பழைய 110 சிசி ஸ்கூட்டர். கியர் வண்டி வேண்டாம், கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை போய்விட்டது. மாதம் ஒரு தடவை மனைவியோடு ஏலகிரி, ஒகேனக்கல் என்று போய்வர ஆசை. 125 போதுமா, 155, 160 என்று போக வேண்டுமா? மனைவிக்கு எதுவானாலும் சரி."

இவ்வளவுதான். அந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிசி சமாசாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டின் ஃபேக்டரியிலிருந்து சில்க் போர்டு வரை காலை ஒன்பது மணிக்கு உங்களுக்கு முன்னால் போகும் தண்ணீர் லாரி என்ன வேகத்தில் போகிறதோ, அதுதான் உங்கள் வேகம். அங்கே 125-ம் ஒன்றுதான், 160-ம் ஒன்றுதான். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் ஏறிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். இருவர் உட்கார்ந்த 125 சுமார் எட்டரை குதிரைசக்தி. அறுபது, அறுபத்தைந்தில் நிம்மதியாகப் போகும், ஆனால் லாரியைத் தாண்ட நினைத்தால் யோசித்துத்தான் தாண்டும். 155, 160 எல்லாம் பதினைந்து குதிரைசக்திக்குப் பக்கம், யோசிக்காது. சிசிக்கு இவ்வளவு போதும். பெரிய சிசி இருந்தால் மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் போகலாமே என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே இருசக்கர வண்டிகளுக்கே அனுமதி கிடையாது. 160 வாங்கினாலும் சர்வீஸ் ரோடுதான்.

சரி, இடுப்புக்கு வருவோம். பழைய நேயர்கள் இப்போதே சிரிப்பார்கள். "இவர் சக்கரத்தைத்தான் சொல்லப்போகிறார்" என்று. ஆமாம், சக்கரத்தைத்தான் சொல்லப்போகிறேன். இன்னும் நூறு தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

போன தடவை கேரம் காயை வைத்துக் காட்டினேன். அது சரியாகப் புரியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இதோ, சமையலறையிலிருந்து தோசைக்கல்லையே எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் கேட்டால் நீங்கள் பார்க்கவில்லை. மேசையில் இரண்டு தடிமனான புத்தகம், நடுவில் மூன்று விரல் இடைவெளி. இது ஊறுகாய் பாட்டில் மூடி. உருட்டுகிறேன். பார்த்தீர்களா, பள்ளத்துக்குள் இறங்கி நின்றேவிட்டது. இப்போது தோசைக்கல். லேசாக ஒரு குனிவு, அவ்வளவுதான், அந்தப் பக்கம் போய்விட்டது. பள்ளம் அதே பள்ளம்.

இதையே ரோட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழி. அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ தூண் வேலை நடக்கும் இடத்தில் அதைவிடப் பெரியதே கிடைக்கும். பின்சக்கரம் 10 அங்குலம் என்றால், டயரோடு சேர்த்து மொத்த விட்டம் சுமார் 43 சென்டிமீட்டர். அது அந்தக் குழிக்குள் ஆறு சென்டிமீட்டர் இறங்கும். 12 அங்குலம் ஐந்தரை. 14 அங்குலத்தில் அகலமான டயர் போட்ட வண்டி நாலரைதான் இறங்கும். ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை குழி, வருடத்துக்கு எத்தனை நாள், அத்தனையும் உங்கள் இடுப்பில்தான் வந்து சேர்கிறது.

எங்கள் அப்பா அல்சூரில் சேத்தக் வைத்திருந்தார். காலையில் அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பெட்ரோல் இறங்கட்டும் என்று காத்திருந்து, அப்புறம் உதைப்பார். அந்த வண்டிக்கும் 10 அங்குலச் சக்கரம்தான். அப்போதெல்லாம் யாருக்கும் இடுப்பு வலிக்கவில்லையே என்று என் தம்பி வாதாடுவான். வலித்தது. சாயங்காலம் அப்பா நீலகிரித் தைலம் தேய்த்துக்கொள்வார். நாங்கள் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு.

சக்கரத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஸ்கூட்டரில் இன்ஜின் எங்கே இருக்கிறது? பைக்கில் சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருக்கும். குழி வந்தால் பின்சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மும் மட்டும் மேலும் கீழும் போய்வரும். ஸ்கூட்டரில் இன்ஜின், பெல்ட், வேரியேட்டர், கிளட்ச் எல்லாமே பின்சக்கரத்தோடு ஒரே மூட்டையாகத் தொங்குகிறது. ஹம்ப், அதாவது வேகத்தடை, வந்தால் அந்த மூட்டை முழுவதும் சேர்ந்து குதிக்க வேண்டும். ஹவாய் செருப்பு போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். அதே படியில் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறுங்கள். கால் எவ்வளவு கனமோ அவ்வளவு 'தொம்' என்று விழும். அதனால்தான் நூறு கிலோ ஸ்கூட்டரில் விழும் உதை நூற்றைம்பது கிலோ பைக்கில் விழுவதில்லை. இதை எந்தக் கம்பெனியும் முழுசாக மாற்ற முடியாது. கியர் இல்லாத வசதிக்கு நாம் கொடுக்கிற விலை அது.

இப்போது ஷோரூமுக்குள் போவோம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சுசுகியின் 125 சிசி ஸ்கூட்டரான பர்க்மேன் ஸ்ட்ரீட்டில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டினால் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அகலமான சீட், 780 மில்லிமீட்டர் உயரம், ஐந்தடி பத்து ஆளுக்கு முழங்கால் இடிக்காது. "அடடா, இதுதான்" என்று முன்பணம் கட்டிவிடுவார்கள். ஆனால் காலை நீட்டி உட்கார்ந்தால் உடம்பு எடை முழுவதும் எங்கே போகிறது? வால் எலும்புக்கு. ஹம்ப் வரும்போது காலை ஊன்றி லேசாக எழும்ப முடியாது, அடி நேராக முதுகுத்தண்டில் ஏறும். நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பாருங்கள், முடிகிறதா? பாதத்தை முழங்காலுக்குக் கீழே இழுத்து வைத்தால்தான் முடியும். ஆக, இடுப்பு வலிக்காரர் காலை நீட்டிப் பார்த்து வண்டி எடுக்கக் கூடாது. பாதத்தை உள்ளே இழுத்து வைத்து, அப்போதும் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கவில்லையா என்று பார்க்க வேண்டும்.

பர்க்மேன் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதன் சாதா மாடலில் பின்சக்கரம் 10 அங்குலம், ஈஎக்ஸ் என்று ஒன்று வந்தது, அதில் பின்னாலும் 12. எடுப்பதானால் அதை எடுங்கள். 110 கிலோ பக்கம்தான் எடை, பார்க்கிங்கில் தள்ள சுலபம். கால் வைக்கும் இடம் தட்டை. தட்டை என்றால் பெங்களூரில் என்ன அர்த்தம் தெரியுமா? இருபது லிட்டர் தண்ணீர் கேன். யமஹா ஏராக்ஸ் 155-ல் நடுவில் திண்டு மாதிரி மேடு இருக்கும், பெட்ரோல் டேங்க் அதற்குள்தான் இருக்கிறது. அங்கே கேன் நிற்காது, அரிசி மூட்டை நிற்காது. ஆனால் இரண்டு சக்கரமும் 14 அங்குலம், பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், 126 கிலோ. பின்பக்கத்தைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்திருக்கிறார்கள், இளவட்டங்களுக்கான வண்டி. ஹீரோ ஜூம் 160-ம் 14 அங்குலம்தான், டேங்க் ஏழு லிட்டர், ஆனால் 142 கிலோ. அடுக்குமாடி வீட்டுப் பேஸ்மென்ட்டில் அதைப் பின்னால் இழுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இடுப்பு ஓட்டும்போது மட்டும் பிடிப்பதில்லை. இன்னொரு வித்தியாசம் பிரேக்கில். 125 சிசிக்கு மேலே போனால் சட்டப்படியே ஏபிஎஸ் உண்டு, 2019-லிருந்து. பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அது. 125-க்கு உள்ளே அப்போது சிபிஎஸ், அதாவது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு, போதும் என்று விட்டுவிட்டார்கள். ஏலகிரி இறக்கத்தில் இந்த வித்தியாசம் புரியும்.

அந்தக் கடைசி வரிக்கு இப்போது வருகிறேன். "மனைவிக்கு எதுவானாலும் சரி." சார், இதை அவர் சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா?

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு 110. கம்பெனிப் பெயர் வேண்டாம். நானும் மனைவியும் அல்சூரிலிருந்து அதிகாலை கிளம்பினோம், ஏலகிரிக்குத்தான். ஓசூரில் இட்லி. கிருஷ்ணகிரி தாண்டும்வரை பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. இயற்கையை ரசிக்கிறாள் என்று நினைத்தேன். பர்கூரில் டீ குடிக்க நிறுத்தினேன். இறங்கியவள் டீயை நின்றுகொண்டே குடித்தாள். பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது. "போலாமா?" என்றேன். "நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன்" என்றாள். கோபம் எல்லாம் இல்லை, ரொம்ப நிதானமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. திருப்பத்தூர் பஸ் வந்தது, ஏறிவிட்டாள். ஜன்னல் ஓரம். நான் இரண்டு பையையும் காலடியில் வைத்துக்கொண்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு போனேன். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு உறைத்தது. ஓட்டுகிற நான் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட பின் அச்சுக்கு நேர் மேலே. நான் சொன்னேனே, இன்ஜின் மூட்டை, அது குதிப்பது அவளுக்கு அடியில்தான். எனக்கு வரும் குழி முன்கூட்டியே தெரியும், பல்லைக் கடித்துக்கொள்வேன். அவளுக்குத் தெரியாது, என் முதுகுதான் தெரியும். நம் கையில் ஹேண்டில் இருக்கிறது, அவளுக்கு ஒரு கம்பி. அதனால் என்னைக் கேட்டால், "125-ஆ 160-ஆ" என்பது இரண்டாவது கேள்வி. "பின்னால் உட்காருபவர் நூற்றறுபது கிலோமீட்டர் உட்காருவாரா" என்பதுதான் முதல் கேள்வி. அதை யாரும் எனக்கு எழுதி அனுப்புவதே இல்லை. அதனால்தான் நீங்கள் கேட்காமலேயே பதில் சொல்கிறேன்.

ஷோரூமுக்கு இருவரும் போங்கள். தனியாகப் போகவே போகாதீர்கள். டெஸ்ட் ரைடில் அவரைப் பின்னால் உட்கார வையுங்கள். கடைக்காரப் பையன் நல்ல ரோட்டில் ஒரு சுற்று போய் வரச் சொல்வான். கேட்காதீர்கள், ஹம்ப் இருக்கிற தெருவாகப் பார்த்துப் போங்கள். பின் சீட் படி மாதிரி உயர்ந்திருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் அவர் உங்கள் மேல் சரிவார், உங்கள் இடுப்புக்கும் சேர்த்து வேலை. பின்னால் இருப்பவரின் பாதம் ஊன்றி வைக்க ஒழுங்காக இடம் இருக்கிறதா, முழங்கால் காதுவரை மடங்குகிறதா, பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்களும் ஒரு சுற்று பின்னால் உட்கார்ந்து வாருங்கள். அவருக்கு ஓட்டத் தெரிந்தால் அவர் ஓட்டட்டும், இல்லையென்றால் கடைப் பையன். நிறைய பேர் இங்கேதான் வாயடைத்துப் போவார்கள்.

என் சாய்வு என்ன என்று கேட்டால், தினம் ஐம்பது கிலோமீட்டர், இடுப்பு வலி, மாதம் ஒரு மலை. இதற்கு நான் 14 அங்குலச் சக்கரத்தைத்தான் எடுப்பேன். தண்ணீர் கேனுக்கு அண்ணாச்சி கடைப் பையன் இருக்கிறான். ஆனால் உங்கள் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து "இது வேண்டாம்" என்றால், 12 அங்குல பர்க்மேனை எடுத்துக்கொண்டு மலையில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மலை என்றதும் ஞாபகம் வருகிறது. ஏலகிரியில் பதினான்கு வளைவு. அவற்றுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். கபிலர் வளைவு, பாரி வளைவு என்று பலகை பார்த்துக்கொண்டே ஏறலாம். ஏறுவதில் பிரச்சினை இல்லை, இறங்கும்போது கவனம். கியர் வண்டி மாதிரி இரண்டாவது கியரில் போட்டு இறங்க ஸ்கூட்டரில் வழியில்லை. ரொம்ப மெதுவாகிவிட்டால் கிளட்ச் தானாக விட்டுவிடும், இன்ஜின் பிடிப்பு போய் வண்டி தானாக உருள ஆரம்பிக்கும். அதனால் பிரேக்கை ஒரேயடியாக அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தி, அப்புறம் விட்டு, ஆறவிட்டு இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, காற்று. ஒருவர் போனால் ஒரு அளவு, இருவர் போனால் பின்சக்கரத்துக்கு வேறு அளவு, வண்டியோடு வரும் புத்தகத்தில் இரண்டும் இருக்கும். பங்க்கில் பையன் கேட்காமலேயே எல்லா வண்டிக்கும் நாற்பது அடித்துவிடுவான். நாற்பது அடித்த டயர் கல்லு மாதிரி இருக்கும், பத்து அங்குலமோ பதினாலோ. இடுப்பு வலி என்று எனக்கு எழுதுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். நீங்களும் நாளைக் காலை, புது வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால், பழைய 110-ல் காற்று எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள் சார். தோசைக்கல்லை நான் போய் உள்ளே வைக்க வேண்டும், கூப்பிடுகிறார்கள்.