வைனு பாப்புவின் கணக்கு

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே,

ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெயரைச் சொன்னதும் "எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள்?" என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தத் தராசில் வானியலாளர் வைனு பாப்புவை நிறுத்தால் பாதி எடைதான் காட்டும் என்பது என் கட்சி.

அந்தத் தராசுக்குப் பிடிபடும் பாதியை முதலில் பார்ப்போம். 1927இல் சென்னையில் பிறந்த பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949இல், ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் நியூகிர்க் ஆகியோரின் பெயர்களோடு அவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. இளைஞருக்கு அது பெரிய புகழ்தான். ஆனால் வால்மீன் வரும், போகும். நிலைத்து நின்றது வேறொன்று.

குளிர்ந்த விண்மீனின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால், ஊதாப் பகுதியில் கால்சியம் உண்டாக்கும் அகலமான இருண்ட பட்டை ஒன்று தெரியும். அதைக் கே கோடு என்பார்கள். உற்றுப் பார்த்தால், அந்த இருட்டின் நட்டநடுவே மெலிதாக ஓர் ஒளிக்கீற்று இருக்கும். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மலை ஆய்வகத்தில், ஓலின் வில்சன் என்ற வானியலாளரும் பாப்புவும் அந்தக் கீற்றின் அகலத்தை அளந்தார்கள். கீற்று எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பது பொருட்டே இல்லை, அகலம்தான் பேசியது. விண்மீன் இயல்பில் எவ்வளவு ஒளி மிக்கதோ, அவ்வளவு அகலமான கீற்று. விண்மீன்களின் ஒளியில் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வேறுபாடு இருந்தபோதும் இந்த உறவு பிசகவில்லை. இயல்பான ஒளி தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டுத் தூரத்தைச் சொல்லிவிடலாம். 1957இல் வெளியான இந்த முடிவு இன்றும் வில்சன்–பாப்பு விளைவு என்றே வழங்குகிறது. பல ஆண்டுகள் கழித்து ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் விண்மீன்களின் தூரங்களைத் துல்லியமாக அளந்தபோது, ஆய்வாளர்கள் இந்த உறவை மீண்டும் அளந்து செம்மைப்படுத்தினார்கள். ஓர் ஆய்வுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

இனி, தராசு காட்டாத பாதி.

1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். சூரியனை நோக்கக் கொடைக்கானல் போதும். இரவு வானத்துக்குப் போதாது. இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் தென்வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று.

இந்த ஆண்டுகளில் பாப்பு சொந்த ஆராய்ச்சியைக் கோப்புகளுக்கும் கட்டட வேலைக்கும் பலிகொடுத்துவிட்டார் என்று சிலர் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1971இல், கொடைக்கானலின் சக ஆய்வாளர் சிவராமனோடு சேர்ந்து, தன் பழைய விளைவுக்கே அவர் திரும்பி வந்தார் என்பதை மறக்கக் கூடாது. விண்மீன் நமக்கு வெறும் புள்ளி. அந்தக் கீற்று அதன் பரப்பில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க முடியாது. சூரியனில் பார்க்கலாம். பரப்பில் சிதறிக் கிடக்கும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளே அதற்குக் காரணம் என்று இருவரும் காட்டினார்கள். கேள்வி அமெரிக்க மலையில் பிறந்தது; பதிலுக்கான தடயம் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் கிடைத்தது. நிர்வாகியாகிவிட்ட ஒருவர் செய்த வேலையா இது?

1979இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். பதவிக்காலம் முடிவதற்குள், 1982 ஆகஸ்டில் மூனிக்கில் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். 1986இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதன் வழியாக அவர் ஒரு விண்மீனைக்கூடப் பார்த்ததில்லை.

1988இல் காவலூரில் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது, எண் 4130. கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர். அந்த மலையில் தொலைநோக்கி இருக்கக் காரணமானவருக்கு எந்தப் பத்தியில் இடம் தருவது என்று மேற்கோள் எண்ணும் நண்பர்களைத்தான் கேட்க வேண்டும்.