கையில் நம்பிக்கை இருந்தால்தான் ஆம்புலன்ஸில் மனசு நிற்கும்

[காட்சி: தரையில் பயிற்சி பொம்மை. அதன் மார்பில் இரண்டு கைகள்.]

இந்தக் கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். இதயத் துடிப்பு நின்ற பெரியவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி, சிபிஆர், இங்கே பழகப்படுகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது, அழுத்தியதும் மார்பு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். சொல்வது சுலபம். ஒரு நிமிடம் தாண்டினாலே தோள் இறுகி ஆழம் குறைய ஆரம்பிக்கும், செய்கிறவருக்கே அது தெரியாது. அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறார்கள்.

சரி, இதற்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு வேலையில் இருக்கும் ஆர்வத்துக்கும் என்ன சம்பந்தம்?

சிபிஆர் பழகிய கை சில மாதங்களிலேயே மறக்கத் தொடங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் சான்றிதழ் பல இடங்களில் 2 வருடம் செல்லும். அட்டை பையில் இருக்கிறது, கையில் நம்பிக்கை இல்லை. குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று ஒரு அழைப்பு (இப்படிப்பட்டவை அபூர்வம், அதனாலேயே பயம் அதிகம்), போய்ச் சேர்ந்ததும் மூச்சு கொடுக்க எந்த அளவு மாஸ்க்கை எடுப்பது என்று ஒரு நொடி தடுமாறிவிட்டால், அந்த நொடி பல நாள் தூங்க விடாது. நாலைந்து முறை இப்படி ஆனால் ‘எனக்கு இது சரிப்பட்டு வராது’ என்று தோன்றிவிடும். பார்ப்பவர்கள் ஆர்வம் போய்விட்டது என்பார்கள். எனக்கு அது பயிற்சி இல்லாததன் வலியாகத்தான் தெரிகிறது.

[காட்சி: காலியான ஸ்ட்ரெச்சரைத் துடைக்கும் ஒருவர்.]

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-ல் பொறியாளர்கள், கணக்காளர்களின் பேட்டிகளை வைத்து ஒன்று சொன்னார்: சம்பளமும் வேலைச் சூழலும் மோசமாக இருந்தால் மனக்குறை வரும், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே உற்சாகம் வந்துவிடாது, சாதித்த உணர்வு, அங்கீகாரம், வளர்ச்சி, இவைதான் அதைத் தரும். இதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைவாகவே வைத்திருப்பது அநியாயம், அதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பம் நடத்த முடியாதவரிடம் வளர்ச்சியைப் பற்றி எப்படிப் பேசுவது?

ஆனால் சாதித்த உணர்வு என்பதில் இந்த வேலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைத்ததோடு கதை அறுந்துவிடுகிறது. பிழைத்தாரா, போட்ட கட்டு சரியாக நின்றதா, ஊகித்த நோய்தான் இருந்ததா, பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, ஆக்ஸிஜன் அளவு பார்த்து, பையில் குறைந்ததை நிரப்பி, அடுத்த அழைப்புக்குக் கிளம்ப வேண்டியதுதான். பதில் வராத கேள்விகளோடு எத்தனை வருடம் ஓட முடியும்?

அதனால் வருடத்துக்கு ஒரு நாள் முழுக்க ஸ்லைடு காட்டுவதைவிட, மாதம் ஒருமுறை ஷிஃப்ட் தொடங்கும் முன் 10 நிமிடம் பொம்மையில் கை வைக்கச் சொல்லுங்கள். ஆழமும் வேகமும் திரையில் தெரியும் பொம்மை இருந்தால் ரொம்ப நல்லது, தவறைத் திட்டாமல் காட்டிவிடும். அப்புறம், போன வாரம் கொண்டுபோய்ச் சேர்த்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவமனையில் ஒருவர் அந்தக் குழுவுக்குத் தெரிவிக்கட்டும். இறந்துவிட்டார் என்றாலும் சொல்லட்டும்.