வளைக்குள் போன நிலக்கடலை

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய காலமெல்லாம் என்னிடம் வந்தவை மாடு, ஆடு, கோழி, எப்போதாவது ஒரு நாய். பென்னாகரம் பக்கமும் சரி, அரூர் பக்கமும் சரி, எலியைத் தூக்கிக்கொண்டு வைத்தியத்துக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. எலி என்றால் நம் ஊரில் உரக்கடையில்தான் மருந்து கேட்பார்கள்.

அப்படிப்பட்ட என் வீட்டுக் கூடத்தில் இன்று ஒரு கூண்டு இருக்கிறது. பெங்களூரில் படிக்கும் பேத்தி கோடை விடுமுறைக்கு வந்தபோது ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு செல்லப் பிராணி ஒன்றைக் கொண்டுவந்தாள். விடுமுறை முடிந்து விடுதிக்குப் போகும்போது அதை எங்களிடம் விட்டுவிட்டாள். பெயர் பொரி. பொன்னிறம், கைக்குள் அடங்கும் உடல், வால் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். கூடவே ஒரு தீவனப் பொட்டலம். அது பத்து நாளில் தீர்ந்தது. தீர்ந்தவுடன் எனக்குள் இருந்த தீவனக்காரன் விழித்துக்கொண்டான். மாட்டுக்குக் கலப்புத் தீவனம் தயாரிக்க எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! இந்தக் கையளவு பிராணிக்குக் கலக்கத் தெரியாதா?

அந்த இறுமாப்பில் நடந்ததைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

கேழ்வரகு, சாமை, தினை, வறுத்த கொள்ளு, உடைத்த சோளம், எங்கள் கொல்லையில் விளைந்த நிலக்கடலை. எல்லாம் நம் மண்ணின் விளைச்சல், கலப்படம் இல்லை, சாயம் இல்லை. பெருமையாகக் கலந்து டப்பாவில் போட்டு வைத்தேன். மாலையில் கிண்ணம் நிறைய வைப்பேன். காலையில் கிண்ணம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருக்கும். பசி அடங்கவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்து வைப்பேன். மூன்று மாதத்தில் பொரி உருண்டு திரண்டுவிட்டது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் வந்தபோது 120 கிராம் இருந்தது 165 கிராம். சக்கரத்தில் ஏறி ஓடுவதையும் நிறுத்திவிட்டது.

கூண்டைச் சுத்தம் செய்த அன்றுதான் விஷயம் புரிந்தது. மரத்தூளுக்கு அடியில், ஒரு மூலையில், கேழ்வரகும் கொள்ளும் சோளமும் குவிந்து கிடந்தன. நிலக்கடலை மட்டும் ஒன்றுகூட இல்லை. நான் வைத்தது ஆறு பொருள் கொண்ட சமச்சீர் உணவு. அது தின்றது பெரும்பாலும் கடலை. மிச்சத்தைக் கன்னத்தில் அடைத்துக் கொண்டுபோய்க் கிடங்கில் வைத்துவிட்டு, புதுக் கடலைக்காக என் வரவைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறது.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறு வயதில் கடலை அறுவடை முடிந்த நிலத்தில் எலி வளையைத் தோண்டி, உள்ளே சேர்த்து வைத்த கடலையைப் படி கணக்கில் அள்ளியவன் நான். ஹாம்ஸ்டரும் அதே குணம் கொண்டதுதான். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை, 1930இல் சிரியா நாட்டு அலெப்போ நகரத்தின் அருகே ஒரு கோதுமை நிலத்தில் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் வளையைத் தோண்டி எடுத்த ஒரு தாயின் குட்டிகள் வழி வந்தவை. ஹாம்ஸ்டர் என்ற பெயரோடு உறவுள்ள ஜெர்மன் வினைச்சொல்லுக்குப் பொருளே பதுக்கி வைத்தல். அதன் கன்னப்பை தோள் வரைக்கும் நீளும். ஆகவே காலிக் கிண்ணத்தை நம்பாதீர்கள். கிண்ணம் காலியானால் இடம் மாறியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். வயிற்றுக்குள் போனது என்று பொருள் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டர் ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 10 கிராம், ஒரு மேசைக்கரண்டி அளவு. அந்த உணவில் புரதம் ஏறக்குறைய 16 முதல் 18 சதவீதம் இருக்க வேண்டும். கொழுப்பு 5 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். நிலக்கடலையில் கொழுப்பு மட்டும் 40 சதவீதம். சூரியகாந்தி விதையில் அதைவிட அதிகம். எட்டு நிலக்கடலைப் பருப்பு தின்றால் 4 கிராம். அன்றைய உணவில் பாதி ஏறக்குறைய முடிந்தது. பொரி ஏன் பருத்தது என்பதற்கு வேறு சோதனை எதுவும் தேவையில்லை.

கடலையை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? அங்கேதான் இரண்டாவது சிக்கல். கேழ்வரகைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு, நியாயமான பெருமை. 100 கிராமில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் பத்துதான். மற்றத் தானியங்களில் பாஸ்பரஸ் ஓங்கிச் சுண்ணாம்பு தாழ்ந்திருக்கும், கேழ்வரகில் தலைகீழ். ஆனால் புரதம் 7 சதவீதம்தான். கொள்ளில் 22. தீவனக் கலவைக்கு நாங்கள் பயன்படுத்தும் பியர்சன் சதுரம் என்ற கணக்கை இங்கே போட்டேன். இந்த இரண்டை மட்டும் கொண்டு 16 சதவீதம் வரவேண்டும் என்றால், ஒன்பது பங்கு கொள்ளுக்கு ஆறு பங்கு கேழ்வரகு. அதாவது கலவையில் பாதிக்கு மேல் கொள்ளு! பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே கொள்ளு ரகம் இருக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. எனக்குக் கொள்ளின் மேல் பகை ஒன்றுமில்லை. இருந்தாலும் பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வறுத்தோ வேகவைத்தோதான் கொடுக்க வேண்டும். வறுத்தாலும் அவ்வளவு கொள்ளைப் பொரி தொடாது. காகிதத்தில் கணக்குச் சரி, கூண்டில் தப்பு.

அப்படியானால் கடைப் பொட்டலமே மேல் என்று முடிவு கட்டலாமா? அதையும் பிரித்துப் பார்த்தேன். பாதிக்குமேல் சூரியகாந்தி விதை, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட வளையங்கள், காய்ந்த பழத் துண்டுகள், நடுவே பழுப்பு நிறத்தில் சில உருளைகள். மாட்டுக்குக் குச்சித் தீவனம் என்று சொல்வோமே, அதன் குட்டி வடிவம்; கடையில் பெல்லட் என்பார்கள். வைட்டமின்களும் தாது உப்புகளும் அந்த உருளைக்குள்தான் இருக்கின்றன. ஹாம்ஸ்டர் முதலில் ஒதுக்குவதும் அதைத்தான். அட்டையில் அச்சிட்ட சதவீதம் பொட்டலம் முழுவதையும் தின்னும் பிராணிக்கு உரியது, அப்படி ஒரு பிராணி இல்லை. நான் செய்த தவற்றையே அந்த நிறுவனமும் பளபளப்பான உறையில் செய்திருக்கிறது. உள்ளூர்க் கடைகளில் தேதியே இல்லாத கண்ணாடிப் பையில், முயலுக்கும், கினி பன்றி என்ற கொறிக்கும் பிராணிக்கும், ஹாம்ஸ்டருக்கும் ஒரே கலவையை அள்ளிக் கொடுப்பதும் உண்டு. இது எனக்குக் கோபமூட்டுகிறது. கினி பன்றியின் உடல் வைட்டமின் சி தயாரிக்காது, உணவில் கொடுத்தாக வேண்டும். ஹாம்ஸ்டரின் உடல் தானே தயாரித்துக்கொள்ளும். அதியமான் ஊர்க்காரர்கள் என்பதற்காக நெல்லிக்கனியை எடுத்து நீட்டிவிடாதீர்கள். அந்தப் புளிப்பு இதற்குத் தேவையில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். தேதி அச்சிட்ட, புரத அளவு குறிப்பிட்ட, வெறும் உருளைத் தீவனம் ஒன்றை ஓசூரில் வாங்கி வருகிறேன். அதில் ஒரு பங்கு, நம் தானியக் கலவையில் ஒரு பங்கு. தானியத்தில் தினையும் சாமையும் கேழ்வரகும் தோலோடு இருக்க வேண்டும். உடைத்துத் தின்பது அதற்கு வேலையும் ஆகும், வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களுக்கும் நல்லது. மாலையில் முதலில் உருளைகளை மட்டும் வைக்கிறேன், ஒரு மணி நேரம் கழித்துத்தான் தானியம். கடலை வாரத்துக்கு மூன்று பருப்பு, கையில் கொடுப்பதற்கு மட்டும். வாரத்தில் இரண்டு நாள் நகக்கண் அளவு வேகவைத்த முட்டை வெள்ளை. பட்டுக்கூடு அங்காடி உள்ள ஊரில் இருந்துகொண்டு பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவை விட்டுவிட மனம் வரவில்லை; நன்றாகக் காய்ந்த ஒன்றைப் பாதியாக நறுக்கிக் கொடுத்துப் பார்த்தேன். பொரி அதை வெறியோடு தின்றது. புரதம் நிறைய, கொழுப்பும் நிறைய, நாற்றமும் நிறைய. வீட்டம்மாள் மறுப்புத் தெரிவித்ததால் அந்தச் சோதனை அத்தோடு நின்றது.

அவர் செய்த சோதனை ஒன்றும் உண்டு. குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ராகிக் களியைச் சிறு உருண்டையாக்கிக் கொடுத்தார். நல்ல வேளையாக நான் பார்த்துவிட்டேன். ஒட்டும் பண்டம் கன்னப்பைக்குள் போனால் வெளியே வராது. அங்கேயே கெட்டுப் புண்ணாகும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், உப்பும் காரமும் சேர்ந்த மிக்சர், இவையும் வேண்டாம். பழம் அதிகம் வேண்டாம், மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனிக்க வேண்டும். குள்ள வகை ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்கள் பழத்தையே மறந்துவிடலாம். அவற்றில் சில வகைகளுக்குச் சர்க்கரை நோய் எளிதாக வரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக் கடலை என்றால் சுத்தம் என்று நாம் நினைக்கிறோம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணம் தேடிப்போனபோது தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை. அதிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையே அறிவியல் கண்டுகொண்டது. மழையில் நனைந்து சரியாகக் காயாத கடலையில் அது நம் களத்திலும் வரும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் பிராணிக்கு வேண்டாம். நாமும் தின்ன வேண்டாம்.

பொரியின் எடை இப்போது 135 கிராம். ஞாயிற்றுக்கிழமை தோறும் தராசில் ஏற்றுகிறேன், நோட்டில் எழுதுகிறேன். கூண்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் கிடங்கைத்தான் பார்க்கிறேன். எது குவிந்திருக்கிறதோ அதை அடுத்த வாரம் குறைக்கிறேன். ஈரமானதையும் முட்டைத் துணுக்கையும் எடுத்துவிட்டு, காய்ந்த தானியத்தில் ஒரு பிடியை அதே மூலையில் திரும்ப வைத்துவிடுகிறேன். முதல் முறை எல்லாவற்றையும் அள்ளிவிட்டேன். அன்றிரவு முழுவதும் அது மூலைக்கு மூலை தோண்டிக்கொண்டே இருந்தது, எங்களுக்கும் தூக்கம் இல்லை.

வணக்கம்.