ஏரிக்குப் போவதற்கு முன்னால் ஓடைக்குப் போங்கள்

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம்ம வேலூர் பக்கம் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் பிள்ளைகள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள், சீமைக்கருவேலம் வெட்டுகிறார்கள், பனை விதை ஊன்றுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மழை முழுக்க ஏரிக்குள்ளேயா பெய்கிறது? மேலே மலைச்சரிவில் விழுவது ஓடையில் இறங்கி, வரத்துக்கால்வாயில் புகுந்துதான் ஏரிக்கு வரணும். அந்தக் கால்வாயில் குப்பையும் புதரும் அடைத்துக் கிடந்தால், ஏரியை எவ்வளவு ஆழம் தூர் வாரினாலும் அது வெறும் பள்ளம்தான்.

அதனால் மேலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதியில் 2014-இல் தொடங்கிய வேலையைப் பாருங்கள். தன்னார்வலர்களோடு நூறு நாள் வேலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்து, ஓடைகளில் கல் தடுப்பு போட்டு, மழைநீர் பூமிக்குள் இறங்க உறை கிணறுகளும் அமைத்தார்கள். அது கூலிக்குச் செய்ததுதானே என்று சிலர் இழுப்பார்கள். இருக்கட்டுமே, வெயிலில் கல் சுமந்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

கல் தடுப்பு என்பது தண்ணீரை அடைத்து வைக்க இல்லை, வேகத்தைக் குறைக்க. ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கும்போது நடுப்பக்கம் இரண்டு ஓரங்களையும் விடத் தாழ்வாக இருக்கணும், இல்லாவிட்டால் வெள்ளம் ஓரத்துக் கரையை அறுத்துக்கொண்டு புது வழி பிடித்துவிடும். வேகம் குறைந்த தண்ணீர் வண்டலை அங்கேயே விட்டுவிட்டு மெல்ல நிலத்துக்குள் இறங்கும். அப்புறம் அடுத்த வருஷம் போய்ச் சரிந்த கல்லை எடுத்து வைக்கணும், சேர்ந்த மண்ணைப் பார்க்கணும். முதல் வருஷம் போட்டோவுக்கு நிற்கிற கூட்டம் இந்த இரண்டாம் வருஷ வேலைக்கு வருவதில்லை, எனக்கு இருக்கிற ஒரே கோபம் இதுதான்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தோம், அதில் எவ்வளவு தண்ணீர் நேரே கடலுக்குப் போனது!

சரி, வர விருப்பமா? ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியிலேயே வேலையை முடித்துவிடுங்கள். காட்டு நிலமென்றால் வனத்துறையிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். கல்லை வெறுங்கையால் புரட்டாதீர்கள், கடப்பாரை போடுங்கள். அடியில் தேள் இருக்கும்.