ஜாமீன் கிடைத்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

பேச வரச் சொல்லி நிலையத்திலிருந்து அழைத்தவர், "நீங்க ஜெயிச்ச பெரிய கேஸ் ஒன்றைச் சொல்லுங்க மேடம், கேட்கிறவங்களுக்குச் சுவாரசியமா இருக்கும்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு நான் கோட்டைவிட்ட ஒரு கேஸ்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. சின்னத் திருட்டு வழக்கு. அதையே சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக எனக்கு கிரிமினல் பக்கம்தான் வேலை. முதலில் ஒரு சீனியரிடம் இருந்தேன். அப்புறம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனலில் சேர்ந்தேன். வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் வேலை. ஜனங்கள் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஃப்ரீ வக்கீல்'. ஃப்ரீயாக வருகிற எதற்கும் நம் ஊரில் என்ன மரியாதையோ அதுதான் எங்களுக்கும். இன்னொரு தொல்லை, எங்களை 'கவர்மென்ட் வக்கீல்' என்று நினைத்துவிடுவார்கள். போலீஸ் தரப்பில் நிற்பவரும் கவர்மென்ட், நானும் கவர்மென்ட் என்றால் என்னிடம் எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்? முதல் இரண்டு சந்திப்பு இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதிலேயே போய்விடும். சினிமாவில் வருகிற கோர்ட்டை மறந்துவிடுங்கள். எங்கள் நீதிபதிகள் மேஜையில் சுத்தியல்கூடக் கிடையாது.

அந்த வழக்குக்கு வருகிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன், இருபத்துமூன்று வயது இருக்கும். வேலை நடந்த இடத்தில் செம்பு வயர் காணாமல் போயிற்று, இவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ரிமாண்ட் ஆன பிறகு கேஸ் கட்டு என்னிடம் வந்தது. பதினெட்டாவது நாள் ஜாமீன் வாங்கினேன். இரண்டு ஜாமீன்தாரர், தலா பத்தாயிரம் ரூபாய், ஒருவர் ரத்த சம்பந்தமுள்ளவராக இருக்க வேண்டும். வழக்கமான நிபந்தனைதான். நோட்டில் அந்த நம்பருக்கு நேரே 'ஜாமீன்' என்று எழுதி டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து வேறொருவரைப் பார்க்க ஜெயிலுக்குப் போயிருந்தேன். வரிசையின் கடைசியில் நின்றவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "மேடம், பெயில் ஆயிடுச்சு சொன்னீங்க. எப்போ போறது?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவர் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது, அது நினைவிருக்கிறது.

ஜாமீன் உத்தரவு என்பது பாதி வழிதான். ஜாமீன்தாரர் என்று ஒருவர் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து, கைரேகை வைத்து, கூப்பிடும்வரை நிற்க வேண்டும். அன்றைய கூலி போச்சு. ஜாமீன் கையெழுத்து என்றாலே நல்ல மனிதர்கள்கூடச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளூர்க்காரருக்கே இந்தப் பாடு. இந்தப் பையனுக்கு ரத்த சம்பந்தம் எல்லாம் இரண்டு நாள் ரயில் தூரத்தில். மேஸ்திரி கைகழுவிவிட்டார். போன் ஸ்டேஷனில். போன் இல்லையென்றால் நம்பர் இல்லை, நம்பர் இல்லையென்றால் ஊருக்குச் சேதி போகாது. ரிமாண்ட் நீட்டிப்பு காணொளியில் நடக்கும். பெயரை வாசிப்பார்கள், முகம் ஒரு நொடி திரையில் வரும், அடுத்த தேதி விழும். ஜாமீன் ஆனவர் ஏன் இன்னும் அந்தத் திரையில் இருக்கிறார் என்று கேட்க வேண்டியவள் நான்தான். கேட்கவில்லை.

சட்டம் தெரியாமல் இல்லை. 1978இல் மோதி ராம் வழக்கு என்று ஒன்று. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவரை ஜாமீனில் விடச் சொல்லியும், கீழ்க் கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. சகோதரர் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். மறுபடி டெல்லிக்குப் போனார் கொத்தனார். நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவர் கையெழுத்தை மட்டும் நம்பி, விடச் சொன்னார். கிருஷ்ணய்யர் மலபாரில் வக்கீலாக இருந்தவர். மலபார் அப்போது சென்னை மாகாணம். கம்யூனிஸ்ட்களுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் அவரையே ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். கம்பியின் இரண்டு பக்கமும் பார்த்த ஆள். அந்தத் தீர்ப்பை ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே, என் கட்டில் அதை மறந்திருந்தேன்.

என் தலைமுறை வக்கீல்கள் மறக்கக்கூடாத இன்னொருவர் கபிலா ஹிங்கோரானி. பீகார் ஜெயில்களில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, 1979இல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு. செய்த குற்றத்துக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக நாள் உள்ளே இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். யாரும் வக்காலத்து கொடுத்து அவரை அனுப்பவில்லை. என் கையில் வக்காலத்தும் இருந்தது, ஆளும் இருந்தார்.

சரி, அப்புறம் என்ன செய்தேன்? அந்தப் பையனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் ஊரில் அக்கா வீட்டுக்காரருடையது. அதிலும் கடைசி இரண்டு இலக்கம் சந்தேகம். என் குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் ஹிந்தி வரும். அவரும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்த்தோம். ராங் நம்பர், திட்டு, சுவிட்ச் ஆஃப். முப்பதுக்கு மேல் போன பிறகு ஒருவர் பையன் பெயரைக் கேட்டதும் பேச்சு நின்று அழ ஆரம்பித்தார். செத்துப்போயிருப்பான் என்றே முடிவுகட்டியிருக்கிறார்கள். இதற்குள் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்டிருந்தேன். மாஜிஸ்திரேட் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, சொந்தப் பிணையில் விட்டார். இரண்டு நிமிடம்தான். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

வழக்கு என்ன ஆயிற்று என்பீர்கள். விடுதலை. சாட்சி சொல்ல யாரும் வரவில்லை, என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஆனால் ஜாமீன்தாரர் இல்லையென்றால் ஓடிவிடுவான் என்று பயந்தோமே, அந்தப் பையன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒடிசாவிலிருந்து அன்ரிசர்வ்டு பெட்டியில் வந்து நின்றார்.

அன்றிலிருந்து என் நோட்டில் 'ஜாமீன்' பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு: 'வெளியே போனாரா?' இப்போது காலமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 முதல் பல மாவட்டங்களில் வழியில்லாதவர்களுக்காக வாதாடுவதையே முழுநேர வேலையாகச் செய்ய வக்கீல்களை மாதச் சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே போகாதவரைப் பற்றி ஜெயில் அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சேதி சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைக் குறைக்கலாமா என்று கோர்ட் தானே பார்க்கலாம். காகிதத்தில் அருமையாக இருக்கிறது. நடப்பில், யாராவது ஒருவர் நோட்டைத் திறந்து கேட்டால்தான் நகர்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது உள்ளே இருந்தால் 15100 என்ற சட்ட உதவி நம்பருக்குப் போன் செய்யலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பு எதுவும் கிடையாது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். வேண்டியவர்களுடைய நம்பர் ஒன்றையாவது மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். போன வாரம் என் மகனிடம் என் நம்பர் என்ன என்று கேட்டேன். "எதுக்கும்மா? 'அம்மா'ன்னுதான் சேவ் பண்ணியிருக்கேனே" என்றான்.

வணக்கம்.