முகம் சாட்சி சொல்லாது

நடுவர் அவர்களே, எதிரணியினரே, கண்ணகி அம்மனின் வைகாசிச் சடங்குக்குக் கூடியிருக்கும் எங்கட ஊர்ச் சனங்களே, வணக்கம்.

ஒருவரை நம்புவதற்கு முகம் வழிகாட்டுகிறதா, ஏமாற்றுகிறதா? ஏமாற்றுகிறது என்று வழக்காட வந்த அணி நாங்கள். எனக்கு முன் பேசிய சகோதரி, ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்றார். பிள்ளையின் முகம் வாடினால் தாய்க்குப் பசி தெரிகிறதே என்று கேட்டார். தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்குமா, சொன்ன வாக்கைக் காப்பாற்றுமா என்று பெற்றவளுக்கும் முகத்தில் தெரியாது. பசியும் கோபமும் துக்கமும் முகத்துக்கு வந்து போகும். குணம் அங்கே வந்து நிற்பதில்லை.

இந்த இரண்டையும் நம் கண் குழப்பிக்கொள்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே உதட்டோரம் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும். சும்மா இருந்தாலும் சிரிக்கிற மாதிரி இருக்கும். ‘நல்ல மனுசன்’ என்கிறோம். இன்னொருவருக்குப் புருவம் தாழ்ந்திருக்கும். ‘கவனம், ஆள் சரியில்லை’ என்கிறோம். எலும்பின் அமைப்பைக் கோபம் என்று வாசித்துவிடுகிறோம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் தொடோரோவ் இருவரும் 2006இல் இதைச் சோதித்து எழுதினார்கள். அறியாத முகத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, நம்பலாமா கூடாதா என்று பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை. தாங்கள் சொன்னது சரி என்ற துணிவுதான் கூடியது. அந்தத் துணிவுதான் எனக்குப் பயம்.

ஏன் பயம்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கொலைக் குற்றவாளிகளின் படங்களை, அவர்கள் யாரென்று சொல்லாமல் பொதுமக்களிடம் காட்டினார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வு அது. ஆயுள் தண்டனை பெற்றவர்களைவிட மரண தண்டனை பெற்றவர்களின் முகங்களுக்கே நம்பகத்தன்மை குறைவு என்று பார்த்தவர்கள் புள்ளி போட்டார்கள். பிறகு நிரபராதி என்று விடுதலையானவர்களின் படங்களிலும் அதே கதை. செய்யாத குற்றத்துக்கு மரண தண்டனை விழுவதா, சிறையோடு போவதா என்பதிலும் முகத்துக்குப் பங்கு இருந்திருக்கிறது, நடுவர் அவர்களே!

எதிரணித் தலைவர் கோவலனைச் சாட்சிக்கு அழைத்தார். கொல்லப் போனவர்களே அவன் தோற்றத்தைப் பார்த்து, ‘இவன் கொலைக்குரியவன் அல்லன்’ என்றார்களாம். முகத்தை நம்பியிருந்தால் பிழைத்திருப்பானாம். அவள் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை ஏட்டைக் கோயிலில் படிக்கிற இந்த மண்ணில் மிச்சக் கதையைச் சொல்லாமல் விடலாமா? பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கினான். ஒரு பேச்சிலே அந்த நம்பிக்கை கரைந்துபோனது, வாள் இறங்கியது. முகத்தால் வந்த நம்பிக்கைக்கு அவ்வளவுதான் பலம். கண்ணகி அரசவையில் என்ன செய்தாள்? ‘என் கணவன் முகத்தைப் பாருங்கள், இது கள்வன் முகமா?’ என்று அழுதாளா? என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. வழக்கு அங்கே முடிந்தது.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்னவென்று இந்தக் கூட்டத்தில் மூத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில், இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த நாட்களில், பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். ஆள் காட்டிக் கொடுக்க, முகத்தை மூடிய தலையாட்டி இருப்பார். அவர் தலை அசைந்தால் அந்தப் பிள்ளை ஒரு பக்கம் ஒதுக்கப்படும். என்ன செய்தாய் என்று எவரும் கேட்கவில்லை. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் திரும்பி வராதவர்களை இன்னும் தேடுகிற தாய்மார் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள், அம்பாறையிலும் இருக்கிறார்கள்.

இப்போது புது ஆபத்து வந்திருக்கிறது. கணினி உருவாக்கும், உலகத்தில் இல்லாத முகங்களை மக்கள் உண்மை முகங்களைவிடச் சற்றுக் கூடுதலாக நம்புகிறார்கள் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. பேஸ்புக்கில் அந்தச் சிரிப்பை நம்பிக் காசு அனுப்புகிறவர்களை நினையுங்கள்.

‘அப்படியென்றால் முகம் பார்க்காமல் வாழ ஏலுமா?’ என்று கேட்டார்கள். ஏலாது. அந்தப் பத்தில் ஒரு விநாடி நம் கையில் இல்லை, அடுத்த விநாடி இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்சிக்காரர் முற்றத்துக் கதிரையில் இருந்து சிரித்துக் கதைத்தால், தங்கச்சிமாரே, அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்களே, கன்னத்து வெண்புள்ளியைப் பார்த்துப் படத்தைத் திருப்பிக் கொடுக்க முன், அந்தப் பிள்ளையோடு அரை மணித்தியாலம் கதையுங்கள். கடை முதலாளிமாரே, தீக்காயத் தழும்போடு வேலை கேட்டு வருகிறவளைக் கணக்குப் புத்தகத்தின் முன்னால் ஒரு நாள் இருத்திப் பாருங்கள்.

எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.