சேசிஸ் முறுகட்டும்

வணக்கம் நேயர்களே. ஜேர்மனியில் நெடுஞ்சாலையில் போகும்போது, வலப்பக்க ஓரத்தில், எல்லா வாகனமும் முந்திக்கொண்டு போக, உயரமான சில்லுகளோடு ஒரு பழைய பச்சை லொறி போவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் சதுரப் பெட்டி. பெட்டியில் சின்ன யன்னல், யன்னலில் திரைச்சீலை. அது பெரும்பாலும் உனிமொக். உள்ளே ஒரு குடும்பம் விடுமுறைக்குப் போகிறது.

இந்த வாகனத்தின் கதை உருளைக்கிழங்குத் தோட்டத்தில் தொடங்குகிறது. போர் முடிந்த 1945இல் அல்பேர்ட் பிரீட்ரிக் என்ற பொறியியலாளர் இதை வரையத் தொடங்கினார். உழவும் வேண்டும், சந்தைக்குச் சாமான் ஏற்றவும் வேண்டும். இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் நடுவில் 1270 மில்லிமீற்றர் விட்டார். இரண்டு உருளைக்கிழங்கு வரிசையின் அகலம் அது. 1948இல் கோப்பிங்கனில் தயாரிப்புத் தொடங்கியது. 1951இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் அதை வாங்கி கக்கெனாவ் நகரத்துக்குக் கொண்டுவந்தது. நான் வேலை செய்த லொறி கராஜும் கக்கெனாவ் இருக்கிற முர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான். அதனால் எனக்கு இது ஊர்ப்பிள்ளை மாதிரி.

இன்றைக்கு வீடாக மாற்றப்பட்டு ஓடுகிற பழைய உனிமொக்குகளில் நிறைய 404 என்ற வகை. 1955 முதல் 1980 வரை 64,000க்கு மேல் செய்தார்கள். ஆறு சிலிண்டர், 2.2 லீற்றர் பெற்றோல் இயந்திரம். ஜேர்மன் இராணுவம் அதிகமாக வாங்கியது. வானொலிக் கருவிகள் வைக்க ஒரு பெட்டி, காயப்பட்டவர்களை ஏற்ற ஒரு பெட்டி என்று பின்னால் பொருத்தியிருந்தார்கள். இராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் அரசின் ஏலத்துக்கு வந்தன. ஆள் படுத்துக்கொண்டு போக இடமுள்ள பெட்டி, கதவோடு, கூரையோடு, லொறியின் மேலேயே இருக்கிறது. அதற்குள் அடுப்பும் அலுமாரியும் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண லொறியில் அச்சு சில்லின் நடுவுக்குப் போகும். உனிமொக்கில் அச்சு அதைவிட மேலே இருக்கிறது. சில்லுப் பக்கத்தில் பற்சக்கரம் வைத்துச் சக்தியைக் கீழே இறக்குகிறார்கள். அதனால் வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் வெளி கிடைக்கும். இதற்குமேல் போனால் படம் வேண்டும், விடுகிறேன்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் சேசிஸ், அதாவது லொறியின் பாகங்களைத் தாங்குகிற அடிச்சட்டம். உனிமொக்கின் சேசிஸ் முறுகும். முறுகவேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். ஒரு முன்சில்லு கல்லில் ஏறி, எதிர்மூலையில் பின்சில்லும் மேட்டில் ஏறும்போது சேசிஸ் முறுகிக் கொடுப்பதால்தான் நான்கு சில்லும் தரையை விடாமல் பிடிக்கின்றன. ஆனால் மேலே இருக்கிற பெட்டி முறுகாது. முறுகுகிற ஒன்றின் மேல் முறுகாத ஒன்றை நான்கு மூலையிலும் இறுக்கிப் பூட்டினால் என்ன ஆகும்?

எங்கள் தெருவில் ஒரு ஜேர்மன்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், 404 ஒன்று வாங்கினார். பழைய பெட்டி உக்கிப்போயிருந்தது என்று புதுப்பெட்டி செய்வித்தார். அழகான வேலை, மரத்தில் அலுமாரி, இரண்டு பேருக்குக் கட்டில். முதல் கோடையில் ஒரு கல்லுடைக்கும் குழிக்குள் ஓட்டிப் பழகப் போனார். சரிவில் நிறுத்திவிட்டுத் தேநீர் போடலாம் என்று பின்னால் போனால் கதவு திறக்கவில்லை. மனைவி உள்ளே. கடைசியில் அந்த அம்மா யன்னலால் இறங்கினார். ஆசிரியர் வண்டியைச் சமதரைக்குக் கொண்டுவந்தார், கதவு தானாகத் திறந்தது! பெட்டி செய்த இடத்தில் போய்ச் சொன்னார். பூட்டு பிழை என்று பூட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த முறை அதே கதை. பூட்டை மறுபடி மாற்றினார்கள். குளிர்காலத்தில் கதவு மூலையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, அதால் மழைத்தண்ணி.

அப்புறம்தான் என்னிடம் வந்தார். நான் பூட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு முன்சில்லை மரக்கட்டையில் ஏற்றச் சொன்னேன். கதவுச் சட்டம் சதுரமாக இருந்தது சரிந்துபோனது, கண்ணாலேயே தெரிந்தது. கீழே படுத்துப் பார்த்தால் ஆறு இடத்தில் கனத்த இரும்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். பலமாகச் செய்தோம் என்று அவர்கள் நினைப்பு.

வீட்டில் நான்குகால் கட்டில் மேடுபள்ளத் தரையில் ஆடும், முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது. அந்த முக்காலி முறைதான் மருந்து. பின்னால் இரண்டு இடத்தில் பிடிப்பு, முன்னால் நடுவில் சுழலுகிற மூட்டு ஒன்று. மூன்றே புள்ளி. கீழே சேசிஸ் எப்படி முறுகினாலும் பெட்டிக்கு அது தெரியாது. அவருக்கு அப்படியே மாற்றிக் கொடுத்தோம். அதே கல்லுக்குழி, அதே சரிவு, கதவு ஒரு விரலால் திறந்தது.

திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல வண்டிகள் நாசமாகின்றன. சேசிஸ் முறுகட்டும், பெட்டி முறுகக் கூடாது. பெட்டிக்கும் சாரதி இருக்கைப் பகுதிக்கும் நடுவிலும் வெளி வேண்டும். உள்ளால் போய்வர வழி வைத்தால் வளைந்து கொடுக்கிற றபர் இணைப்புத்தான். வாங்கப் போகிறவர்கள் அலுமாரியைப் பிறகு பார்க்கலாம். முதலில் கீழே படுத்துப் பாருங்கள். ஒரு சில்லை உயர்த்திக் கதவைத் திறந்து பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார். சமையல், தண்ணீர்த் தாங்கி எல்லாம் இனி முடியாது. சட்ட விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 1999க்கு முன் ஜேர்மனியில் மூன்றாம் வகுப்பு அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள், எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்களில் பலர் அப்படி, 7.5 தொன் வரை ஓட்டலாம். இப்போதைய பி வகுப்புக்கு 3.5 தொன்தான், பெட்டி வைத்த உனிமொக்குக்கு அது போதாது, பிள்ளைகள் சி1 எடுக்கவேண்டும். முப்பது வயது தாண்டி, பழைய தன்மை மாறாமல் இருக்கிற வண்டிக்கு எச் எழுத்துள்ள இலக்கத்தகடு கிடைக்கும், வருட வரி 191 யூரோ சொச்சம். பெற்றோல் நூறு கிலோமீற்றருக்கு 20 லீற்றருக்கு மேல் குடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். நேரில் பார்க்க விரும்பினால் கக்கெனாவில் உனிமொக் அருங்காட்சியகம் இருக்கிறது, சேசிஸ் முறுகுவதை அங்கே வெளியே ஓட்டிக் காட்டுகிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.